லாட ஆணி முதல் பனிச்சாலை வரை: டயரும் மின்வாகனமும்

டயர் என்பது சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி அமைந்த உறை ஆகும். வண்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது சாலையைத் தொடுவது டயரால் மட்டுமே. தமிழில் இதற்கு உருளிப்பட்டை என்ற சொல் உண்டு. ஆனால் பஞ்சர் கடை முதல் பள்ளிக்கூடம் வரை வழங்குவது டயர் என்ற சொல்தான். ஆங்கிலத்தில் ‘ஆடை அணிவித்தல்’ என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து இது வந்தது என்பர். அதாவது, சக்கரத்துக்குப் போட்ட உடை.

மின்சாரத்தில் ஓடும் எஸ்யூவி வகைக் கார்கள் தமிழகச் சாலைகளில் பெருகிவரும் இந்நாளில், குளிர்காலத்துக்கு எந்த டயர் வாங்குவது என்ற கேள்வி எழுந்துள்ளது. புதுக்கோட்டையில் இருப்பவருக்கு ஒரு விடை, உதகையில் இருப்பவருக்கு ஒரு விடை, ஓஸ்லோவிலும் டொராண்டோவிலும் வாழும் உறவினருக்கு வேறு விடை. ஏன் அப்படி என்பதை டயரின் வரலாறு விளக்குகிறது. சாலைக்கும் பருவத்துக்கும் ஏற்றபடியே டயர் மாறிவந்திருக்கிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரச் சக்கரமும் இரும்புப் பட்டாவும்

மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, எல்லாவற்றுக்கும் வெளியே இரும்புப் பட்டா என நான்கு பகுதிகள் இருக்கும். இந்தப் பட்டாதான் நம் ஊரின் முதல் டயர். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிய அளவில் செய்த இரும்பு வளையத்தை நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் அது விரியும். விரிந்த நிலையில் வட்டையின்மேல் மாட்டித் தண்ணீர் ஊற்றினால், இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். திண்மப் பொருள்கள் வெப்பத்தால் விரிவடையும் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறுபது வயதைக் கடந்த பலர், கொல்லுப் பட்டறை வாசலில் நின்று இதை வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

இரும்புப் பட்டா நெடுநாள் உழைக்கும். ஆனால் அதிர்வைத் தாங்காது. செம்மண் சாலையில் ஆழமான தடம் பதித்து, மழைக்காலத்தில் சாலையைச் சேறாக்கிவிடும். வண்டிக்கு நல்லதாக இருந்த டயர் சாலைக்கு நல்லதாக இல்லை.

காற்றடைத்த டயர்

ரப்பர் முதலில் பயன்படாத பொருளாகவே இருந்தது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். இம்முறைக்கு வல்கனைசிங் என்று பெயர். டயரின் கதை தொடக்கத்திலிருந்தே வெப்பத்தோடும் குளிரோடும் ரப்பர் நடத்திய போராட்டம்தான்.

1845இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதற்குரிய வண்டி அன்று இல்லாததால் அது மறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதே எண்ணத்தை மீண்டும் கண்டறிந்து, 1888இல் காப்புரிமை பெற்றார். பிரான்சில் மிஷ்லின் சகோதரர்கள் 1891இல் கழற்றி மாட்டக்கூடிய மிதிவண்டி டயரையும், 1895இல் காருக்கான காற்று டயரையும் கொண்டுவந்தனர்.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தை முதன்முதலில் கடந்த கார் மின்சாரக் கார். 1899 ஏப்ரலில் பாரிசுக்கு அருகே காமில் ழெனாட்சி என்பவர் ஓட்டிய அந்தக் கார், மிஷ்லினின் காற்று டயர்களில் ஓடி ஏறக்குறைய 106 கி.மீ. வேகத்தை எட்டியது. மின்வாகனமும் காற்று டயரும் சேர்ந்து ஓடத் தொடங்கி 125 ஆண்டுகள் ஆகிவிட்டன.

அக்கால டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன. மிஷ்லின் விளம்பரத்தில் வரும் டயர் மனிதன் வெள்ளையாக இருப்பது அதனால்தான். 1910களில் கார்பன் கறுப்பு என்னும் கரித்தூளைச் சேர்த்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கும் என்று தெரிந்த பிறகே டயர் கறுப்பானது.

பால்மரக் காடும் தமிழரும்

டயருக்குத் தேவை பெருகியபோது ரப்பர் மரம் தென்னமெரிக்கக் காடுகளில்தான் இருந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு விதைகளைக் கொண்டுவந்தார். அங்கு முளைத்த நாற்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பரவின.

அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். கங்காணி முறையில் ஆள்சேர்க்கப்பட்டு, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்றார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து போனவர்களும் அவர்களுள் அடங்குவர். விடியுமுன் எழுந்து வெட்டப் போக வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் நின்றுவிடும். உலகின் கார்கள் ஓடிய டயர்களில் அந்த உழைப்பு கலந்திருந்தது. எந்தக் கார் நிறுவனத்தின் வரலாற்றிலும் அவர்கள் பெயர் இல்லை.

தஞ்சாவூர்–புதுக்கோட்டைப் பேருந்தும் லாட ஆணியும்

புதுக்கோட்டை அன்று தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். இவ்வூருக்கு ரயில் வந்தது 1929இல். அதற்கு முன்பே, 1912இல், டி. வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் டி.வி.எஸ். என்று நாடறிந்த குழுமத்தின் தொடக்கம் அது. ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவுள்ள அந்தச் சாலையில் அன்று ஓடியவை பெரும்பாலும் மாட்டுவண்டிகளும் குதிரை வண்டிகளுமே.

அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் அடித்த லாடத்தின் ஆணிகள் கழன்று சாலையெங்கும் சிதறிக் கிடக்கும். இரும்புப் பட்டாவை அவை ஒன்றும் செய்யவில்லை. பேருந்தின் காற்று டயரைக் குத்திக் கிழித்தன. நேரந்தவறாமல் பேருந்து ஓட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்த சுந்தரம் அய்யங்கார், காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளை அள்ளச் செய்தார் என்று சொல்வார்கள். புதிய டயர் பழைய சாலைக்குப் பொருந்தவில்லை. எனவே சாலையைத் துப்புரவு செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் வசமானதும் நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து நின்றது. பழைய டயரின் தேய்ந்த மேற்பரப்பை நீக்கிப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் தொழில் எங்கும் முக்கியத்துவம் பெற்றது. சுந்தரம் அய்யங்காரும் ரீட்ரேடிங் ஆலை ஒன்றை நிறுவினார். பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கரிவாயுவில் ஓடும் கருவியையும் அவரது நிறுவனம் தயாரித்தது. பெட்ரோலுக்கு மாற்று தேடியது இன்றைய மின்வாகனக் காலத்தில் மட்டும் நடப்பதன்று.

மிதிவண்டி டயரும் அறிவொளியும்

புதுக்கோட்டையின் டயர் வரலாற்றில் மிதிவண்டிக்கும் இடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், செவிலியர், ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. தண்ணீர் எடுத்துவரவும் விளைபொருளை விற்கவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாமல் போனது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியதால் உலகமும் அறிந்தது. இதே காலத்தில் மாட்டுவண்டிகளும் இரும்புப் பட்டாவைக் கைவிட்டு ‘டயர் வண்டி’களாக மாறிவந்தன.

தமிழகத்தில் டயர் தொழில்

1946இல் கே. எம். மாம்மென் மாப்பிள்ளை சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1952இல் ரீட்ரேடிங்குக்கான ரப்பரைத் தயாரித்தார். 1961இல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் டயர் உற்பத்தி தொடங்கியது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்.ஆர்.எஃப்., வளர்ந்த கதை இது. அம்பத்தூரில் டன்லப் ஆலையும் ஏறத்தாழ அதே காலத்தில் எழுந்தது. இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகை, பெரம்பலூர் மாவட்டம் எனப் பல இடங்களில் பெரிய டயர் ஆலைகள் உள்ளன.

மின்சார எஸ்யூவிகளும் தமிழ்நாட்டோடு தொடர்புடையவையே. 2019இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஹூண்டாய் கோனா எலக்ட்ரிக், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஆலையிலிருந்து வெளிவந்தது. மகிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ ஆகியவை செங்கல்பட்டு அருகே உள்ள அதன் ஆய்வு மையத்தில் உருவாகி, 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமாயின. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் ஆலை தூத்துக்குடியில் திறக்கப்பட்டது.

பனிக்கென்று ஒரு டயர்

குளிர் நாடுகளில் வேறொரு வரலாறு நடந்தது. பின்லாந்தின் நோக்கியா ஊரில் இருந்த ரப்பர் ஆலை 1934இல் சரக்குந்துகளுக்குப் பனிக்கால டயரை உருவாக்கியது. 1936இல் ‘ஹக்கபெலீட்டா’ என்ற பெயரில் கார்களுக்கும் அது வந்தது. பனிக்கால டயர் மூன்று வகையில் வேறுபடும்.

முதலாவது, ரப்பர்க் கலவை. சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதியாமல் வழுக்கும். பனிக்கால டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்க்கப்படுவதால் கடுங்குளிரிலும் அது மென்மையாக இருக்கும். வெப்ப நாட்டில் வளரும் மரத்தின் பால்தான் பனியில் பிடிமானம் தருகிறது.

இரண்டாவது, டயர்க் கட்டைகளில் காணப்படும் மெல்லிய கீறல்கள். இவை பனியைக் கவ்விக்கொள்ளும் விளிம்புகளாகச் செயல்படுகின்றன. மூன்றாவது, பனியையும் சேற்றையும் வெளியே தள்ளும் ஆழமான பள்ளங்கள். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி டயரின் பக்கவாட்டில் இருந்தால், அது பனியில் சோதிக்கப்பட்ட டயர் என்று பொருள். இக்குறி 1999 முதல் வழக்கத்தில் உள்ளது.

கனடாவின் கியூபெக் மாநிலம் 2008 முதல் குளிர்காலத்தில் பனிக்கால டயரைக் கட்டாயமாக்கியது. தமிழர் பலர் வாழும் நார்வேயில் குளிர்காலத்தில் கார் டயரின் பள்ளம் குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும். 2024இல் அந்நாட்டில் புதிதாகப் பதிவான கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது முழு மின்கார்கள். மின்சார எஸ்யூவிக்குப் பனிக்கால டயர் தேர்வதில் உலகுக்கே அனுபவம் தரும் நாடு நார்வேதான்.

மின்வாகனம் கொண்டுவந்த மாற்றம்

மின்கலத் தொகுப்பின் எடை மட்டுமே பல நூறு கிலோ இருக்கும். எனவே மின்சார எஸ்யூவி, அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடக் கனமானது. இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் அறியலாம். வண்டியின் எடை 2,000 கிலோ என்க. ஒரு டயர் தாங்குவது 500 கிலோ. டயரில் உள்ள காற்றழுத்தம் 36 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.5 கிலோ. 500ஐ 2.5ஆல் வகுத்தால் 200 சதுர செ.மீ. நான்கு டயர்களும் சேர்ந்து சாலையைத் தொடும் பரப்பு 800 சதுர செ.மீ. ஓர் ஏ4 தாளின் பரப்பு 624 சதுர செ.மீ. ஆகவே, குடும்பத்தோடு போகும் இரண்டு டன் வண்டியைச் சாலையில் பிடித்து நிறுத்துவது ஒன்றேகால் தாள் அளவுள்ள ரப்பர்தான்.

மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு விசையைத் தரும். இதனால் டயர் வேகமாகத் தேயும். வழுக்கும் சாலையில் சக்கரம் சுழன்று ஏமாற்றவும் கூடும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்ததும் மோட்டாரே பிரேக்காகச் செயல்பட்டு மின்கலத்துக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தரும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பனிக்கட்டி மேலோ எண்ணெய் கலந்த முதல்மழை நீர் மேலோ இந்த இழுப்பு அதிகமாக இருந்தால் சக்கரம் சறுக்கலாம். அப்போது அதன் அளவைக் குறைத்து வைப்பது நல்லது.

உருளும்போது டயர் நசுங்கி நிமிர்வதில் ஆற்றல் வீணாகும். இந்த இழப்பு குறைந்த டயர் மின்காரை அதிக தூரம் ஓட்டும். ஆனால் இழப்பைக் குறைக்கும் முயற்சியில் ஈரச்சாலைப் பிடிமானமும் குறைந்துவிடக்கூடாது. 1990களில் சிலிக்கா கலந்த டயர்கள் வந்தபின் இரண்டையும் ஓரளவு சேர்த்துப் பெற முடிந்தது. இந்திய அரசும் 2022இல் வெளியிட்ட அறிவிக்கை மூலம் உருளும் தடை, ஈரச்சாலைப் பிடிமானம், ஒலி ஆகிய மூன்றுக்கும் டயர்களுக்கு வரம்பு விதித்தது.

எந்த ஊருக்கு எந்த டயர்?

புதுக்கோட்டை முதலிய சமவெளி மாவட்டங்கள்: இங்கு மார்கழி இரவில்கூட வெப்பநிலை 7 டிகிரிக்கு வெகு மேலேயே இருக்கும். பனிக்கால டயர் வாங்குவது வீண். மென்மையான அந்த ரப்பர் சித்திரை வெயிலில் விரைவில் தேய்ந்துபோகும், சூடான சாலையில் நிற்கவும் அதிக தூரம் எடுக்கும். பழந்தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வாகன ஓட்டிக்கு இங்கே கூதிர்தான் உண்மையான குளிர்காலம். வடகிழக்குப் பருவமழையில் சாலையில் தேங்கும் நீரை டயரின் பள்ளங்கள் விலக்க வேண்டும். பள்ளம் தேய்ந்த மொட்டை டயர் நீரின்மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா. சட்டப்படி கார் டயரில் 1.6 மி.மீ. பள்ளம் இருந்தால் போதும். பள்ளத்துக்குள் சிறு மேடு போல் உள்ள தேய்மானக் குறி மேற்பரப்போடு சமமானால் அந்த எல்லை வந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல், கோட்டைப்பட்டினம் வழியாக மழையில் அடிக்கடி செல்வோர், அந்த எல்லைவரை காத்திராமல் மழைக்கு முன்பே மாற்றிவிடுவது பாதுகாப்பு.

நீலகிரி, கொடைக்கானல்: டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகைப் பகுதியில் உறைபனி விழும்; அதிகாலை வெப்பநிலை சில நாள்களில் சுழியத்தை ஒட்டிச் செல்லும். ஆனால் சாலையில் பனி குவிவதில்லை, வெயில் ஏறியதும் சூடு திரும்பிவிடும். நல்ல ஈரப்பிடிமானம் உள்ள டயரும் அதிகாலையில் மெதுவாக ஓட்டும் பழக்கமும் இங்கே போதும். ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: மலையுச்சியில் மின்கலத்தை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், மின்சாரத்தைத் திரும்ப ஏற்க அதில் இடம் இராது. மோட்டார் பிரேக் குறைந்து, கால் பிரேக்கின் வேலை கூடும்.

லடாக், இமாச்சலம், கனடா, நார்வே: இங்கே நான்கு சக்கரங்களிலும் பனிக்கால டயர் தேவை. இரண்டு மட்டும் மாற்றினால் முன்பக்கமும் பின்பக்கமும் வேறுவேறு பிடிமானத்தில் ஓடி வண்டி சுழன்றுவிடும். கனத்த மின்கார்களுக்கு எடைத்தாங்கு எண் முக்கியம். ‘215/60 ஆர் 17 96 எச்’ என்று இருந்தால், 215 மி.மீ. அகலம்; பக்கச்சுவரின் உயரம் அதில் 60 விழுக்காடு; ஆர் என்பது ரேடியல் அமைப்பு; 17 அங்குல வளையம்; 96 என்பது ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்பதற்கான எண்; எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேக வரம்பு. கார் நிறுவனம் குறிப்பிட்ட எண்ணுக்குக் குறைந்த டயரை, விலை மலிவு என்று போடக்கூடாது.

குளிரில் காற்று சுருங்கும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயரின் அழுத்தம் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. குறையும். வீட்டுக் கார் கொட்டகையில் 15 டிகிரியில் அளந்த டயர், வெளியே சுழியத்துக்குக் கீழ் 15இல் ஐந்து பி.எஸ்.ஐ. வரை இழந்திருக்கும். அதனால் அழுத்தத்தை மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பனிக்கால டயர் ஆற்றலைச் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கும். குளிரில் மின்கலமும் தளரும். ஓடும் தூரம் குறைவதற்கு டயரை மட்டும் குறை கூற முடியாது.

டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம்.

முடிவுரை

பட்டா போட்ட சக்கரம் செம்மண் பாதையைக் கிழித்தது. காற்று டயர் லாட ஆணியிடம் தோற்றது. சாதாரண டயர் பனியில் வழுக்கியது. பனிக்கால டயர் வெயிலில் தேய்கிறது. ஒவ்வொரு முறையும் வண்டி முன்னே போக, டயர் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. இன்று மின்சார எஸ்யூவி முன்னே போய்க்கொண்டிருக்கிறது. லட்சக்கணக்கில் பணம் கொடுத்துக் கார் வாங்குவோர், மின்கலத்தின் திறனையும் திரையின் அகலத்தையும் விசாரிக்கும் அளவுக்கு டயரை விசாரிப்பதில்லை. தான் ஓட்டப்போகும் சாலை எது, அதில் எந்தப் பருவம் கடினமானது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டு டயர்க் கடைக்குப் போனால், பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். மீதியை டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகள் சொல்லும். அவற்றைப் படிக்க மாணவர்களும் தம் வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.